திருப்பி மாட்டுதல்: டிராக்டர் சக்கரத்துக்கு ஒரு சொல் விளக்கம்

“அகலம் தேவைப்பட்டால் பின்சக்கரங்களைத் தலைகீழாக்கவும்.” தமிழாக்கம் செய்யப்பட்ட ஒரு டிராக்டர் கையேட்டில் இப்படி ஒரு வரி. உருண்டையான பொருளுக்குத் தலை ஏது, கீழ் ஏது? அரைச்சுற்றில் தலைகீழ், அடுத்த அரைச்சுற்றில் நேர். வண்டி ஓடினால் சக்கரம் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறது. மொழிபெயர்த்தவர் ‘ரிவர்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார், கைக்கு முதலில் அகப்பட்ட பொருளை வைத்துவிட்டார்.

‘ரிவர்ஸ்’ லத்தீனில் பிறந்த சொல். ‘வெர்ட்டெரே’ என்றால் திருப்புதல். முன்னால் நிற்கும் ‘ரெ’ பின்னால் என்ற பொருளைச் சேர்க்கிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அங்கே பல வேலை பார்க்கிறது. வண்டி பின்னால் போனாலும் ரிவர்ஸ், நாணயத்தின் மறுபக்கமும் ரிவர்ஸ், தீர்ப்பை மாற்றினாலும் ரிவர்ஸ். டிராக்டரைப் பொறுத்தவரை நாம் ‘ரிவர்ஸ்’ என்றால் கியரைத்தான் நினைப்போம். அதனால் ‘ரிவர்ஸ் வீல்’ என்று அப்படியே எழுதினாலும் பின்னால் ஓடும் சக்கரம் என்றுதான் காதில் விழும்.

தமிழில் இந்த வேலைகளுக்குத் தனித்தனி வினைகள் இருக்கின்றன. வண்டி பின்னால் போவது பின்னோட்டம். மேல் கீழாவது கவிழ்த்தல். உள்பக்கம் வெளியே வருவதற்கு என்ன சொல்கிறோம்? அவசரத்தில் தையல் வெளியே தெரியச் சட்டை போட்டு வருகிறவனிடம் “சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே” என்கிறோம். தலைகீழாகப் போட்டிருக்கிறாய் என்று யாரும் சொல்வதில்லை. சக்கரத்துக்கு நடப்பதும் இதேதான்: உள்பக்கம் வெளியே, வெளிப்பக்கம் உள்ளே. ஆகவே ‘திருப்பி மாட்டுதல்’. ‘திருப்புதல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுவார். கழற்றி மாட்டும் வேலை என்பதை ‘மாட்டு’தான் சொல்கிறது. ‘புரட்டுதல்’ வினையாக நன்றாகவே பொருந்தும், ஆனால் அதைப் பெயராக்கி ‘சக்கரப் புரட்டு’ என்று எழுதிப் பாருங்கள். ஏதோ மோசடி வழக்கு போல ஆகிவிடுகிறது.

சரி, திருப்பி மாட்டினால் என்ன மாறுகிறது? டிராக்டரின் பின்சக்கரத்தை டயர் இல்லாமல் பார்த்தால் இரண்டு துண்டுகள். வெளியே டயர் உட்காரும் வளையம், அதுதான் ரிம். நடுவே இருசோடு போல்ட் போட்டு முடுக்கும் தட்டு, அதுதான் டிஸ்க். இந்தத் தட்டு சமதளம் இல்லை. கையால் விளிம்பிலிருந்து நடுப்பக்கம் தடவினால் கை குழிக்குள் இறங்கும், தாம்பாளம் போல. குழிந்த பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து ரிம் வண்டிப் பக்கமாக ஒட்டி நிற்கும் அல்லது வெளியே தள்ளி நிற்கும். இந்தக் குழிக்கு ஆங்கிலத்தில் உணவுத் தட்டின் பெயரையே வைத்து ‘டிஷ்’ என்கிறார்கள். நமக்குக் ‘குழிவு’ போதும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தட்டை முடுக்குவதற்காக ரிம்மின் உள்பக்கம் பற்றவைத்திருக்கும் காதுகள் நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். ஆகவே தட்டைத் திருப்பலாம், ரிம்மையும் திருப்பலாம், தட்டைக் காதுக்கு உள்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ முடுக்கலாம். இரண்டு, இரண்டு, இரண்டு: மொத்தம் எட்டு நிலைகள். 1946-இல் வெளிவந்த பெர்குசன் டிஇ20 டிராக்டரில் பின்சக்கர இடைவெளியை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாக மாற்ற முடிந்தது இந்த எட்டு நிலைகளால்தான். புதிதாக ஒரு பாகமும் வாங்க வேண்டாம். ஸ்பேனரும் ஜாக்கியும் இருந்தால் போதும்.

முழுச் சக்கரத்தையே திருப்பும்போது பலர் சறுக்குவது டயரில். டயர் மேல் எழுந்து நிற்கும் ரப்பர் பட்டன்கள் அம்பு வடிவில் இருக்கும். வண்டி முன்னே போகும்போது அம்பின் முனை முதலில் மண்ணைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் பிதுங்கி வெளியேறும், பிடிப்பும் கிடைக்கும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் கூரை முகடு போல, முனை மேலே பார்த்தபடி தெரிவதுதான் சரி. ஒரு சக்கரத்தை அதே பக்கத்தில் திருப்பி மாட்டினால் முகடு கவிழ்ந்து பள்ளமாகிவிடும். இடச்சக்கரத்தை வலப்பக்கமும் வலச்சக்கரத்தை இடப்பக்கமும் கொண்டுபோய்த் திருப்பி மாட்டினால் அம்பு பழைய திசையிலேயே நிற்கும், குழிவு மட்டும் மாறும். அதனால் தமிழ் விளக்கத்தில் ‘இடம் வலம் மாற்றி’ என்ற மூன்று சொல்லைச் சேர்க்காமல் விடக்கூடாது. கையேட்டில் அதுவும் இல்லை.

அடுத்து, மாறுகிற அளவின் பெயர். இடச்சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து வலச்சக்கரத்தின் நடுக்கோடு வரை உள்ள தூரத்தைப் பிரிட்டனில் ‘டிராக்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘டிரெட்’ என்பார்கள். ‘டிரெட்’ மிதித்தல் என்ற பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. டயர்க்காரர்கள் பட்டன் உள்ள பகுதிக்கும் அதே சொல்லைச் சொல்வதால் குழப்பம் வரும். ‘டிராக்’ பழைய பிரெஞ்சில் குதிரையின் காலடித் தடத்தைக் குறித்த ‘திராக்’ என்ற சொல். டிராக்டரும் டிராக்கும் ஒரே வேர் என்று நினைக்கத் தோன்றும். டிராக்டர், இழுத்தல் என்ற பொருளுள்ள ‘த்ராஹெரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அது இழுப்பது, இது தடம்.

நமக்குத் ‘தடம்’ இருக்கிறது: கால் தடம், வண்டித் தடம், தடம் புரண்டது. எனவே ‘தட அகலம்’. ‘சக்கர அகலம்’ என்று எழுதுகிறார்கள், அது தப்பு; ஒரு டயரின் அகலத்தைச் சொல்வதாக ஆகிவிடும். இதில் ஒரு சின்னச் சுவை உண்டு. ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்கிறது தொல்காப்பியம். ‘தட’ என்ற உரிச்சொல்லுக்குப் பெரியது என்று பொருள். தடக்கை என்றால் பெரிய கை. அந்தத் ‘தட’வும் இந்தத் ‘தட’மும் ஒரே வேர் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் தட அகலம் என்று சொல்லும்போது காதில் கொஞ்சம் கூடுதலாகவே அகலம் கேட்கிறது.

ஆங்கிலத்தில் இதையே ‘ஸ்டான்ஸ்’ என்றும் பேசுவார்கள், வண்டி நிற்கும் தோரணை. தமிழில் இதற்குப் பெயர் தேடி அலைய வேண்டாம், வினை இருக்கிறது: அகட்டுதல். பஸ்ஸில் பிடிமானம் இல்லாமல் நிற்கிறவர் காலை அகட்டி வைக்கிறார். சக்கரத்தையும் அகட்டலாம், ஒடுக்கலாம். செய்முறை ‘திருப்பி மாட்டுதல்’, விளைவு ‘அகட்டுதல்’ அல்லது ‘ஒடுக்குதல்’, அளவு ‘தட அகலம்’. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்த்ததுதான் அந்தக் கையேட்டின் கோளாறு.

‘கிளியரன்ஸ்’, அதாவது இடைவெளி, பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: சக்கரத்தை அகட்டினால் வண்டி உயரும் என்று. உயராது. டயரின் விட்டம் மாறாதவரை இருசுக்கும் தரைக்கும் உள்ள உயரம் அதேதான்; அது ‘தரை இடைவெளி’. மாறுவது ‘பக்க இடைவெளி’: டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் கருவி தூக்கும் கைகளுக்கும் நடுவில் உள்ள தூரம். ஒடுக்கி மாட்டும்போது டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. பயிர் வரிசைகளுக்கும் இதே கணக்கு. 75 செ.மீ. இடைவெளியில் வரிசைகள் இருந்தால் தட அகலத்தை 150 செ.மீ. வைத்தால் இரண்டு வரிசைகள் வண்டிக்கு அடியில் போகும், டயர் இரண்டும் வரிசைகளுக்கு நடுவே உருளும்.

கவிழாமல் நிற்பதற்கு ‘நிலைப்பு’ என்ற சொல்லே போதும். தட அகலம் 120 செ.மீ., எடைமையத்தின் உயரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பாதி அகலமான 60-ஐ அப்படியே கணக்கில் எடுக்க முடியாது. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுகிறது, ஆகவே வண்டியைத் தாங்குவது நாற்கரம் அல்ல, முக்கோணம்: பின்சக்கரங்கள் இரண்டும், முன்னால் அந்த ஊசியும். எடையில் 30 சதவீதம் முன்னால் இருந்தால் 60-இல் 70 சதவீதம், அதாவது 42 செ.மீ.தான் உதவிக்கு வரும். நின்ற நிலையில் சுமார் 29 பாகைச் சாய்வில் கவிழும். 160 செ.மீ.க்கு அகட்டினால் அது சுமார் 37 பாகை. ஓட்டத்தில், வளைவில், குழியில் இறங்கும்போது இந்த எண்கள் வெகுவாகக் குறையும். பாரம் இழுக்கும்போது முன்பக்கம் தூக்கிப் பின்னால் மல்லாக்காகக் கவிழ்வதைத் தடுக்க அகட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. இன்னொன்று, வெளியே தள்ளிய சக்கரம் இருசையும் பேரிங்கையும் நீண்ட நெம்புகோலால் வளைப்பது போல வளைக்கும். தயாரிப்பாளர் சொல்லும் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அதனால்தான்.

இந்தக் கழற்றி மாட்டும் பாட்டைக் குறைக்க 1948-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் தன் டபிள்யூடி டிராக்டரில் வேறு வழி செய்தது. ரிம்மில் சாய்வான தண்டவாளங்கள். பிடிகளைத் தளர்த்தி எஞ்சின் விசையிலேயே வண்டியை நகர்த்தினால் ரிம் திருகாணி போல உள்ளேயோ வெளியேயோ நகரும். அங்கே திருப்புவதும் இல்லை, மாட்டுவதும் இல்லை. ‘அகட்டுதல்’ என்ற சொல் மட்டும் அப்படியே பொருந்துகிறது.

கையேட்டு வரியை நான் இப்படி எழுதியிருப்பேன்: “தட அகலத்தைக் கூட்ட, பின்சக்கரங்களை இடம் வலம் மாற்றித் திருப்பி மாட்டவும்.” அதற்குக் கீழேயே இன்னொன்று: “சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி முடுக்கவும்.” டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் ஒரு சக்கரமே சில நூறு கிலோ வரும், மாட்டும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.