முகத்தைப் பார்த்து நிறுத்தக் கூடாது: நியூயார்க் நகரச் சட்டம் சொல்வது என்ன?

நியூயார்க் போலீஸ் தெருவில் ஒருவரை நிறுத்தினால் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். முன்பிருந்த படிவத்தில் காரணத்தை விவரித்து எழுதத் தேவையில்லை, கட்டங்களில் டிக் அடித்தால் போதும். அதிகம் டிக் வாங்கியவை 'குற்றம் மிகுந்த பகுதி', 'சந்தேகப்படும்படியான அசைவு' என்ற இரண்டும்தான். பாக்கெட்டில் கைவிட்டு நடப்பவரைக்கூட இரண்டாவது கட்டத்தில் அடைத்துவிடலாம்.

2011-இல் மட்டும் இப்படி 6,85,724 நிறுத்தங்கள். கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது முறை, கைதும் இல்லை, வழக்கும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்.

2013 ஆகஸ்ட் 12 அன்று நீதிபதி ஷிரா ஷைண்ட்லின், இது நடந்த விதம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். பத்து நாள் கழித்து நகர மன்றமும் தன் நிலையைச் சொன்னது. போலீஸ் பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவை அன்றைய மேயர் மைக்கேல் புளூம்பெர்க் ஏற்கெனவே வீட்டோ செய்து தடுத்திருந்தார். அந்த வீட்டோவைத் தாண்டிச் சட்டமாக்க மன்றத்தின் 51 உறுப்பினர்களில் 34 பேர் வேண்டும். கிடைத்ததும் சரியாக 34. ஒருவர் மனம் மாறியிருந்தால் இந்தச் சட்டமே கிடையாது.

சரி, அதில் என்ன இருக்கிறது? ஒருவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, அவர் யார் என்பதை வைத்தே போலீஸ் நடவடிக்கை எடுக்கக் கூடாது. இனம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றோடு வயது, பாலின அடையாளம், பாலியல் நாட்டம், உடற்குறை, குடியேற்ற நிலை, வீடில்லாமல் இருப்பது வரை பட்டியல் நீள்கிறது. போலீஸ் தேடும் குறிப்பிட்ட ஒரு ஆளின் அடையாளத்தோடு நீங்கள் பொருந்தினால் நிறுத்தலாம், அதற்குத் தடையில்லை. மீறினால் நீதிமன்றம் போகலாம். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் நஷ்டஈடு கிடைக்காது. தவறு என்ற அறிவிப்பும், இனி செய்யாதே என்ற உத்தரவும்தான் கேட்க முடியும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

தெருவில் உடனே கைகொடுப்பது 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகள்தான். சந்தேகத்தின் பேரில் நிறுத்தினால் அதிகாரி தன் பெயர், பதவி, நிறுத்திய காரணம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். கைதோ சம்மனோ இல்லாமல் அனுப்பினால் தன் அட்டையை நீட்ட வேண்டும். அதில் பெயரும் பேட்ஜ் எண்ணும் இருக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி வேறு அடிப்படை இல்லாமல், உங்கள் சம்மதத்தை மட்டும் நம்பிப் பையைச் சோதிப்பதாக இருந்தால், மறுக்கலாம் என்பதை அவரே உங்களுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பு வசதியும் உண்டு. ஆகவே வெறுமனே தலையாட்டிவிடாதீர்கள். வேண்டாம் என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் கையால் தடுக்காதீர்கள்.

போலீஸின் கையைக் கட்டிப்போட்டால் குற்றம் பெருகும் என்று எதிர்ப்பாளர்கள் பயமுறுத்தினார்கள். பதிவான நிறுத்தங்கள் 2017-இல் 12 ஆயிரத்துக்கும் கீழே வந்தன. 2011-இல் 515 ஆக இருந்த கொலைகள் அதே 2017-இல் 292. நிறுத்தம் குறைந்ததால்தான் கொலை குறைந்தது என்று நான் சொல்லவில்லை, சொன்ன பயம் பலிக்கவில்லை, அவ்வளவுதான். சமீப ஆண்டுகளில் நிறுத்தங்கள் மறுபடி கூடிவருவதும் உண்மை. 2024 ஜனவரியில், சின்னச் சின்ன விசாரணைகளையும் போலீஸ் கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டத்தை அன்றைய மேயர் எரிக் ஆடம்ஸ் வீட்டோ செய்ய, மன்றம் மறுபடி அதைத் தாண்டியது. 2013 வழக்கில் இந்த நிறுத்தங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் அதே ஆடம்ஸும் ஒருவர்!

புகார் சொல்ல நகர உதவி எண்ணான 311-ஐ அழைத்து, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் குடிமக்கள் புகார் மறுஆய்வு வாரியத்தைக் கேளுங்கள். இனப் பாகுபாட்டுப் புகார்களுக்கென்றே 2022 முதல் அங்கே தனிப் பிரிவு இயங்குகிறது. விசா இருக்கிறதா, இல்லையா என்பது புகாருக்குத் தடையில்லை. நாள், நேரம், எந்தத் தெருமுனை, அட்டையில் உள்ள எண் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வைத்துவிடுங்கள்.