30 புளியங்கொட்டையும் கூகிளின் முதல் பக்கமும்

"தம்பி, 600 வெள்ளி கொடுத்தேன்லா. 'ஒரே மாசத்துல கூகிள்ல முதல் பக்கம் வந்துரும்'னு சொன்னான். நாலு மாசமாச்சு. என் பேரை நானே தேடினாலும் வரமாட்டேங்குது. அந்த கூகிளு யாரைக் கேட்டு வரிசை போடுது?"

கேட்டவர் எங்கள் தாமானில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் அக்கா. கேட்டுக்கொண்டே ஒரு தட்டு முறுக்கை முன்னால் வைத்ததால் பதில் சொல்லாமல் எழுந்து வர முடியவில்லை.

முதலில் அவருடைய வலைப்பக்கத்தைத் திறந்தேன். மேலே ஒரு படம், கீழே தொலைபேசி எண், அதற்கும் கீழே காரணமே இல்லாமல் ஒரு முழம் வெள்ளை இடம். சந்தேகப்பட்டு அந்த இடத்தில் சுட்டெலியை அழுத்தி இழுத்தேன். நீலப் பட்டை படரப் படர எழுத்துகள் தெரிந்தன: முறுக்கு முறுக்கு முறுக்கு சிறந்த முறுக்கு மலிவான முறுக்கு... வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதியதுபோல ஐந்தாறு பத்தி. 600 வெள்ளிக்கு நடந்த வேலை அதுதான். இது 1990-களின் வித்தை. இன்று கூகிளின் விதிமுறைகளில் இது தண்டனைக்குரிய ஏமாற்று.

அந்த வித்தை ஒரு காலத்தில் ஏன் பலித்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். நாம் தேடும்போது தேடுபொறி உலகம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை. அதன் நிரல்கள் முன்கூட்டியே பக்கம் பக்கமாகச் சுற்றி, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பெரிய அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. பாடநூலின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரிதான். 'முறுக்கு' என்றதும் அந்த வரியைப் பார்த்துப் பக்கங்களை எடுத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு: எடுத்த ஆயிரம் பக்கங்களில் எதை முதலில் வைப்பது? பழைய தேடுபொறிகள் சொல் எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் நம்பின. ஆகவே வெள்ளை மை.

சொல்லை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. இங்கே பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில், 1917-இல், பாமாயில் தரும் செம்பனையை நட்ட தோட்டம். பெயரோ தென்னை! சொல்லை எண்ணும் இயந்திரத்துக்கு இதை யார் விளக்குவது?

1998-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களும் கூகிளை உருவாக்கியவர்களுமான செர்கே பிரின்னும் லாரி பேஜும் எழுதிய கட்டுரையில் வேறொரு வழி வந்தது. ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பது இருக்கட்டும், மற்றப் பக்கங்களில் எவையெல்லாம் அதைக் கைகாட்டுகின்றன என்று பார்ப்போம் என்றார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு சிபாரிசு. கல்யாணத்துக்கு யாரிடம் பலகாரம் சொல்லலாம் என்று கேட்கும்போது, ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள் சொல்லும் பெயருக்குத்தானே மதிப்பு? சரி, அவர் மதிப்புள்ளவர் என்று எப்படித் தெரியும்? அவரைச் சிபாரிசு செய்பவர்களை வைத்து. அவர்களுடைய மதிப்பு? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் செக்குமாடுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இந்தச் சுற்றுக்குள்ளேயே விடை இருக்கிறது.

அக்காவிடம் மூன்று கிண்ணமும் 30 புளியங்கொட்டையும் கேட்டேன். ரப்பர் கொட்டைதான் பொருத்தம். ஆனால் சுற்றிலும் செம்பனையாகிவிட்ட ஊரில் அதற்கு எங்கே போவது? கிண்ணங்கள் மூன்று பக்கங்கள்: கோயில், பள்ளி, கடை. கோயில் பக்கம் பள்ளிக்கும் கடைக்கும் இணைப்பு கொடுக்கிறது. பள்ளி கடைக்கு மட்டும். கடை கோயிலுக்கு மட்டும். ஆளுக்கு 10 கொட்டை. விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு சுற்றிலும், கையில் இருப்பதை எல்லாம் தான் கைகாட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் சுற்று முடிந்தது: கோயில் 10, பள்ளி 5, கடை 15. அடுத்தது: 15, 5, 10. மூன்றாவதில் கோயிலின் 15-ஐப் பிரிக்க ஒரு கொட்டையை உடைக்க வேண்டும். அம்மிக்கல்லைத் தேடாமல் பென்சிலுக்கு மாறினோம். 10, 7.5, 12.5. அடுத்து 12.5, 5, 12.5. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. கடைசியில் கோயில் 12, பள்ளி 6, கடை 12 என்று நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை சுற்று சுற்றினாலும் போவதும் வருவதும் சமம். வேறு எண்ணிக்கையில் தொடங்கினாலும், மொத்தம் 30 என்றால், இங்கேதான் வந்து நிற்கும். யார் பெரியவர் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிபாரிசுகளே தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன!

இன்னொன்றையும் கவனியுங்கள். கோயிலுக்குக் கிடைத்தது ஒரே சிபாரிசு. பள்ளிக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்று 12, மற்றது 6. கடை தன்னிடம் இருந்த முழுவதையும் ஒரே இடத்துக்குக் கொடுத்தது. கோயில் பாதியாகப் பங்கிட்டது. எல்லாரையும் புகழ்கிறவர் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு குறைவு.

அக்கா கெட்டி. "என் கடை யாருக்கும் கொடுக்காம, தனக்கே சுட்டிக்கிட்டா?" என்றார். செய்து பார்த்தோம். இரண்டே சுற்றில் கொட்டை அத்தனையும் கடைக் கிண்ணத்தில். இந்தப் பொறியில் சிக்காமலிருக்கத்தான் அந்த மாணவர்கள் ஒரு வரி போட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 100-க்கு 15 பங்கைப் பிடுங்கி எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் போட்டுவிடுவது. இணைப்பைத் தொடர்ந்து போகும் ஒருவர், சலித்துப்போய் திடீரென வேறெங்கோ தாவுவதாக இதற்கு விளக்கம் சொன்னார்கள். பதுக்கியவரிடமிருந்து அப்போதைக்கப்போது கொஞ்சம் ஊருக்குத் திரும்பும்.

காசுக்கு இணைப்பு விற்கும் போலிப் பக்கங்கள் ஏன் பெரிதாக உதவுவதில்லை என்பதும் இதில் தெரியும். யாருமே கைகாட்டாத பக்கத்தின் கையில் அந்த வரிப் பங்கின் துணுக்கு மட்டுமே இருக்கும். இல்லாதவர் எழுதிக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதம். அதையே ஆயிரக்கணக்கில் குவித்தவர்களும் உண்டு. அவர்களைக் கீழே தள்ள 2012-இல் கூகிள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது.

இந்தக் கணக்கை அன்று சுமார் 2.6 கோடிப் பக்கங்களுக்கு ஒரு நடுத்தரக் கணினியில் சில மணி நேரத்தில் போட்டார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் வந்த வழிகளில் ஒன்று அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை. மின்னூலகத் திட்டம் என்ற பெயரில். நூலகம் பற்றிய ஆய்வுக்குக் கொடுத்த காசு! நாமும் இதில் சளைத்தவர்கள் அல்ல, மரம் என்றால். 1925-இலேயே ரப்பருக்கு ஆராய்ச்சிக் கழகம் கண்ட மண் இது. மொழிக்கு வரும்போதுதான் கை சுருங்குகிறது. 'முறுக்கு', 'முறுக்கை', 'முறுக்குக்கு', 'முறுக்கில்' எல்லாம் ஒரே சொல்தான் என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பது லேசான வேலையில்லை. மாநாட்டுப் பந்தலுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை அதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இன்றைய கூகிள் இந்த ஒரு கணக்கை மட்டும் நம்புவதில்லை. சொல்லின் பொருள், பக்கத்தின் புதுமை, தேடுபவர் இருக்கும் இடம் என்று எத்தனையோ சேர்ந்துவிட்டன. உள்ளூர்க் கடைகளுக்குத் தேடலோடு பொருத்தம், தூரம், ஊரில் பெயர் எடுத்திருப்பது ஆகிய மூன்றையும் பார்ப்பதாக அதுவே சொல்கிறது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொல்கிறது. 600 வெள்ளிக்காரர் அதைப் படித்திருக்க மாட்டார்.

முகநூலில் விழும் விருப்பக்குறிகளும் நாம் நினைப்பதுபோல் நேராகக் கொட்டையாக மாறுவதில்லை. அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளில் 'பின்தொடராதே' என்ற குறி ஒட்டியிருக்கும், இதைச் சிபாரிசாக எண்ணாதே என்று தேடுபொறிக்குச் சொல்ல. 2005-இல் தேடுபொறிகள் கொண்டுவந்த ஏற்பாடு. ஆனால் முகநூலில் பார்த்து முறுக்கு வாங்கியவர் நாளை தன் பக்கத்தில் எழுதினால், அது கணக்கில் வரலாம்.

பெயரை நானே தேடினாலும் வரவில்லை என்றாரே, அதற்குக் காரணம் கூகிள் அல்ல. எண் கணிதம் பார்ப்பவர் சொன்னார் என்று கடைப்பெயரின் ஆங்கில எழுத்தில் இரண்டு 'ஏ' கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். மலாய்க்காரர்கள் முறுக்கை ஒரே 'கே' போட்டுத் தேடுகிறார்கள், நம்மவர்கள் இரண்டு போட்டுத் தேடுகிறார்கள். இரண்டையும் இயந்திரம் சமாளித்துவிடும், ஏனென்றால் லட்சம் பேர் அப்படி எழுதுகிறார்கள். உலகில் ஒரே ஓர் ஆள் எழுதும் எழுத்துக்கூட்டலை அது எங்கே போய்க் கற்கும்? ராசி எண் கூடியதில் வாடிக்கையாளர்தான் குறைந்தது. இதைச் சொன்னபோது அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த ஆளுக்குக் கொடுத்தது 150 வெள்ளியாம்.

வெள்ளை எழுத்தை அங்கேயே அழித்தோம். கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிந்தோம், அது இலவசம். கோயில் திருவிழாவுக்கு அக்கா கொடுக்கும் பலகாரத்தைப் பற்றிக் கோயில் பக்கத்தில் ஒரு வரி இணைப்போடு போடச் சொல்லித் தலைவரைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். முகவரியில் 'பெஸ்தாரி ஜெயா' என்று ஊரின் புதுப் பெயரைத் தட்டியபோது நிறுத்தினார்.

"கோலாலம்பூருக்குப் போன நம்ம ஆளுங்க இன்னமும் பழைய பேருல 'பத்தாங் பெர்ஜுந்தை'னுதானே தேடுவாங்க? அதையும் போடவா?"

போடுங்க அக்கா, கடை விவரத்தில் ஒரு வரியாக. வெள்ளை மையில் வேண்டாம்.