அந்தக் கீபோர்டு மெட்டு யாருடையது?

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை நான்கு பையன்கள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். சென்னையில் ஆறு வருடமாகச் சேர்ந்து வாசிக்கும் புரோக்ரசிவ் ராக் (சுருக்கமாக புரோக்; நீளமான, நடுவில் தாளம் மாறும் ராக் இசை) குழு. பதினோரு நிமிடப் பாட்டு ஒன்றை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது வாரம் பாட்டைக் காணோம். குழுவை விட்டுப் போன கீபோர்டு கலைஞர், தன் மெட்டைத் தன்னிடம் கேட்காமல் வெளியிட்டுவிட்டார்கள் என்று புகார் கொடுத்திருந்தார்.

"மேடம், அவன் வாசிச்சான், அவ்வளவுதான். பாட்டு எங்களோடது" என்றார் கிட்டார் வாசிப்பவர்.

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று லேப்டாப்பில் ஓடவிட்டேன். கையில் ஒரு வெள்ளைத்தாள். ஒவ்வொரு பகுதி வரும்போதும் நிறுத்தி, "இது யார் போட்டது?" என்று கேட்டு எழுதினேன். முதல் இரண்டு நிமிடம் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு), கிட்டார் வாசிப்பவருடையது. பாடல் வரிகள் பாடகருடையவை. 3:10இல் கீபோர்டில் ஒரு மெட்டு வருகிறது. நாற்பது விநாடிதான், ஆனால் பாட்டு முடிந்த பிறகும் காதில் நிற்பது அதுதான். நிறுத்தினேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதிப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். (பலரும் இதைக் காப்புரிமை என்கிறார்கள். அது பேட்டன்ட், வேறு விஷயம்.) சினிமாப் பாட்டில் இந்தச் சிக்கல் குறைவு. இசையமைப்பாளர் என்று ஒரு பெயர் இருக்கும். அவர் சொன்னதை வாத்தியக்காரர்கள் வாசிப்பார்கள். புரோக் ராக் பிறக்கும் விதமே வேறு. ஒருவர் ஏழு தட்டில் ஒரு ரிஃபைக் கொண்டுவருவார். டிரம்மர் அதை உடைத்து வேறு தாளத்தில் போடுவார். பேஸ் வாசிப்பவர் கீழே வேறொரு மெட்டை ஓட்டுவார். மனம்போனபடி சேர்ந்து வாசிக்கும் மூன்று மணி நேர ஜாம் முடிந்து வெளியே டீ குடிக்க வரும்போது, எது யாருடையது என்று யாருக்கும் நினைவிருக்காது. அந்த நேரத்தில் அதைப் பற்றிக் கவலைப்படவும் தோன்றாது. நட்பாக இருக்கும்போது கணக்கு எதற்கு என்று நினைப்பார்கள்.

அந்தப் பையன்களிடம் புரோக்கல் ஹாரம் குழுவின் கதையைச் சொன்னேன். புரோக் இசைக்கு வழி திறந்த குழுக்களில் ஒன்று அது. 1967இல் வந்த 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டு, குழுவின் ஆர்கன் கலைஞர் மேத்யூ ஃபிஷரின் வாசிப்போடுதான் தொடங்கும். இசைக்கு கேரி ப்ரூக்கர், வரிகளுக்கு கீத் ரீட் என்று இரண்டே பெயர்களைப் போட்டார்கள். ஃபிஷர் 2005இல்தான் வழக்குப் போட்டார். 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. 2008இல் மேல்முறையீட்டில், இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். 2009இல், அன்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை மாற்றி அவர் பங்கைத் திரும்பக் கொடுத்தது. ஆனால் ராயல்டி கிடைத்தது, அவர் உரிமை கேட்ட 2005இலிருந்துதான். அதற்கு முந்தைய 38 வருடப் பணம் போனது போனதுதான்.

பாடகி கிளேர் டோரியின் கதையும் எனக்கு மனதை உறுத்துவது. 1973 ஜனவரியில் பிங்க் ஃபிளாய்ட் குழு அவரை 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டின் ரெக்கார்டிங்குக்காக அபே ரோடு ஸ்டுடியோவுக்கு அழைத்தது. பாட வரிகளே கிடையாது. அவர் தன் குரலாலேயே அந்த மெட்டை உருவாக்கினார். அதற்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டார், 2005இல் சமரசமானது. அதன் பிறகுதான் அந்தப் பாட்டின் படைப்பாளர் வரிசையில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இசையை உருவாக்குபவர்தான் இசையமைப்பாளர். அதை நொட்டேஷனில் எழுதினாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. வரிகள் தனிப் படைப்பு. ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கிலிருந்து பிரிக்க முடியாதபடி சேர்ந்து உருவாக்கினால் அது கூட்டுப் படைப்பு. கடைசிப் படைப்பாளர் இறந்து 60 வருடம் வரை உரிமை நீடிக்கும். வாசித்தவருக்கு, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று தனியாக உண்டு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எத்தனை சதவீதம் யாருக்கு என்று மட்டும் சட்டம் சொல்லாது. அதை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்குத்தான் ஸ்ப்ளிட் ஷீட், அதாவது பங்குப் பிரிப்புத் தாள். ஒரு பக்கம் போதும். பாட்டின் பெயர், தேதி, இசையில் யாருக்கு எத்தனை சதவீதம், வரிகளில் யாருக்கு எத்தனை, மாஸ்டர் ரெக்கார்டிங் (மூல ஒலிப்பதிவு) யாருடையது, ஒருவர் விலகினால் என்ன செய்வது, கீழே எல்லோருடைய கையெழுத்தும். எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் விருப்பம். எழுபதுகளின் முதல் பாதியில் ஜெனிசிஸ் குழு பாடல்களுக்கு ஐந்து பேர் பெயரையும் சேர்த்தே போட்டது. ரஷ் குழுவில் பெரும்பாலும் வரிகள் நீல் பியர்ட், இசை மற்ற இருவர். இரண்டுமே நல்ல முறைதான். தவறு, ஒன்றுமே எழுதாமல் விடுவது.

ரிகர்சலில் போனை ரெக்கார்டில் போட்டு ஓரமாக வையுங்கள். அந்த ஃபைல்களை அழிக்காதீர்கள். வாட்ஸப்பில் "நான் போட்ட அந்த பிரிட்ஜ்" (பாட்டின் இணைப்புப் பகுதி) என்று அனுப்பிய செய்திகூட நாளைக்குச் சாட்சி. பதிப்புரிமையை அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் இசைப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், செய்துவிடுங்கள் என்பேன்.

அந்தப் பையன்களுக்குக் கடைசியில் நான் சொன்னது, நோட்டீஸ் அனுப்ப வேண்டாம், போன் செய்யுங்கள் என்று. கீபோர்டு வாசித்தவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். மறுநாள் இரவு ஒன்பது மணிக்கு என் மேஜையில் லேப்டாப்பை வைத்து வீடியோ கால் போட்டோம். முதல் பத்து நிமிடம் கொஞ்சம் சத்தம். அப்புறம் அவர், "காசு எவ்வளவுன்னு நான் கேட்டேனாடா? ரிலீஸ் அன்னைக்கு கிரெடிட்ல என் பேரைத் தேடிட்டு இருந்தேன்" என்றார். கிட்டார்காரர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளைத்தாளில் விட்டிருந்த 3:10க்கு நேராக அவர் பெயரை எழுதினேன். சதவீதமும் பேசி எழுதினோம். எல்லாம் முடிந்து பேனாவை மூடும்போது, இரண்டு நாளாக வாயே திறக்காத டிரம்மர் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், 7:20ல ஏழு தட்டுலேர்ந்து அஞ்சு தட்டுக்கு மாத்தினது நான்தான். அதையும் எழுதலாமா?"

பேனாவை மறுபடி திறந்தேன்.