காயத்துக்கு உதவி கேட்டால் ஆளை மாற்றப் பார்க்காதீர்கள்

மனநல ஆலோசனைக்குப் போய், போனதைவிட மோசமான நிலையில், ஆலோசகரான என்னிடம் வந்து சேரும் குயர் இளைஞர்கள் (தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றவர்கள்) அதிகமாகிவிட்டார்கள். கடைசியாக வந்தவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடுதியில் கூடத் தங்கியிருந்தவர்கள் அவரை அடித்து, அதை வீடியோவும் எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தாலே உடம்பு விறைத்துவிடுகிறது. உதவி தேடி ஓர் ஆலோசகரிடம் போயிருக்கிறார். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சொன்னதும் அடிவாங்கிய கதை அப்படியே ஓரங்கட்டப்பட்டுவிட்டது. "சின்ன வயசுல யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்களா? அப்பா ரொம்பக் கண்டிப்பா? அம்மா செல்லம் கொடுத்தாங்களா?" அடுத்தடுத்த செஷன்களிலும் இதே விசாரணைதான். கடைசியில், "உங்க மனக்காயம் ஆறிட்டா இதுவும் தன்னால சரியாயிடும்" என்று ஆறுதல் வேறு.

இந்தக் கடைசி வாக்கியத்தை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பட்டம் பெற்றவர்களே சொல்கிறார்கள். அதனால் ஆலோசகர்களுக்கும், நல்ல ஆலோசகரைத் தேடும் குயர் மக்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனக்காயத்தால் ஒருவருடைய பாலீர்ப்பு, அதாவது யார் மீது ஈர்ப்பு வருகிறது என்பது, உருவாவதில்லை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, பின்னாளில் எதிர்பாலினத்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் ஏராளம். "அந்தக் கொடுமையாலதான் உங்களுக்குப் பொண்ணுங்களைப் பிடிக்குதா?" என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. எந்தக் கொடுமையும் நடக்காமல், பாசமான வீட்டில் வளர்ந்த குயர் மக்களும் ஏராளம். ஆய்வுகளில் குயர் மக்களிடம் சிறுவயதுக் கொடுமைகள் கூடுதலாகத் தெரிவது உண்மைதான். ஆனால் அதை வைத்துக் காரணத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். நடையும் பேச்சும் மற்ற பையன்களைப் போல இல்லாத சிறுவனைத்தான் வகுப்பில் சீண்டுகிறார்கள், வீட்டில் அடிக்கிறார்கள். வெளியே சொல்ல மாட்டான் என்று தெரிந்துதான் தவறான ஆட்கள் அவனைக் குறிவைக்கிறார்கள். அவன் வித்தியாசமாக இருப்பது முதலில். அதற்காக அவன் மீது விழும் வன்முறை அப்புறம். காயம் ஆறினால் தூக்கம் திரும்பும், பயம் குறையும், படிப்போ வேலையோ மறுபடி ஓடும். யாரைப் பிடிக்கும் என்பது மாறாது. மாற வேண்டிய அவசியமும் இல்லை.

இது என் சொந்தக் கருத்து இல்லை. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் நீக்கின. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இது நோய் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. ஒருவர் சமூகத்தின் ஒழுக்க, மத, கலாச்சார எதிர்பார்ப்புகளுக்கு ஒத்துவரவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்பது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பாலீர்ப்பை 'குணமாக்கும்' முயற்சிகளுக்கு 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அப்படிக் 'குணமாக்க' முயல்வதை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. இன்னும் என்ன வேண்டும்?

அந்த 2021 வழக்கை என் துறைக்காரர்கள் அவசியம் படிக்க வேண்டும். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸ் தேடியது. வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிபதி செய்ததை ஆலோசகர்கள் செய்வதற்கு என்ன தயக்கம்?

"நான் யாரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை" என்பது ஆலோசகருக்குப் போதுமான தகுதி இல்லை. வீட்டை விட்டு வந்த பெண்ணுக்குப் போலீஸ் வண்டியைப் பார்த்தால் ஏன் கை நடுங்குகிறது, வாடகை வீடு பார்க்கப் போகும் திருநங்கைக்கு முந்தின இரவே ஏன் வயிறு கலங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை விளக்கும் வேலை உங்கள் தலையில் விழக் கூடாது. நீங்கள் கொடுக்கும் 1,000, 1,500 ரூபாய் ஆலோசகருக்குப் பாடம் நடத்துவதற்காக இல்லை.

ஓவியம், களிமண், நடிப்பு என்று படைப்பாற்றலோடு வேலை செய்யும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதற்கு? அடி, அவமானம், அச்சம் எல்லாம் நேரடியாகப் பேச்சில் வந்துவிடுவதில்லை. வருடக்கணக்காக மறைத்தே பழகியவர்களுக்கு இது இன்னும் கடினம். தாள் முழுக்க ஓர் உடம்பின் வெளிக்கோட்டை வரைந்து, பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வண்ணம் தீட்டலாம். களிமண்ணைப் பிசையலாம். நடந்ததை இன்னொருவர் கதையாக மாற்றி நடித்துப் பார்க்கலாம். அந்தச் சின்ன இடைவெளியில் மூச்சு விட முடிகிறது. "எனக்கு வரையவே வராதே" என்று கூச்சப்படாதீர்கள். அங்கே யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. கறுப்பு வண்ணம் எடுத்தால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று படத்துக்கு ஜோசியம் சொல்பவரிடம் மட்டும் இருக்காதீர்கள். படத்துக்கு என்ன பொருள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் படமும் உங்கள் மருத்துவப் பதிவுதான். கேட்காமல் சுவரில் மாட்டவோ இன்ஸ்டாகிராமில் போடவோ அவருக்கு உரிமை கிடையாது. வார இறுதிப் பயிலரங்கு ஒன்றை முடித்துவிட்டு 'ஹீலர்' என்று போர்டு வைத்திருப்பவரிடம் ஆழமான காயத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். திறப்பது சுலபம். அன்று இரவு உங்களைத் தாங்கிப் பிடிக்க அவருக்குத் தெரியாது.

போவதற்கு முன் போனில் கேளுங்கள். என்ன படித்திருக்கிறார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார்? மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா? குயர் மக்களோடு வேலை செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா? அப்புறம் முக்கியமான கேள்வி: "என் அப்பா அம்மா வந்து என்னை மாற்றச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" இதற்கு 'முடியாது என்று சொல்வேன்' என்ற பதில் உடனே வர வேண்டும். சுற்றி வளைத்தால் அடுத்த எண்ணை அழையுங்கள். தகுந்தவர்களின் பட்டியல் ஒன்றைச் சென்னையில் குயர் மக்களுக்காகச் செயல்படும் ஓரினம் அமைப்பு தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது, அங்கிருந்து தொடங்கலாம்.

முதல் நாளே நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் தூக்கம், பாதுகாப்பு, பதற்றம் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம். கதை அப்புறம் வரட்டும். ரகசியத்தின் எல்லை எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு 18 வயது ஆகவில்லையென்றால், பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்ததும் புகார் செய்தாக வேண்டும் என்பது போக்சோ சட்டம். நல்ல ஆலோசகர் இதை நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

18 தாண்டியவர்களுக்கு இன்னொன்று. மனநலச் சட்டப்படி உங்கள் சார்பில் நிற்கும் பிரதிநிதியாக, 18 வயது நிரம்பிய, அந்தப் பொறுப்பைச் செய்யக்கூடிய ஒருவரை நீங்களே நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஆனால் அவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். நண்பராக இருக்கலாம், இணையராக இருக்கலாம், அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டில் வலுக்கட்டாயமாக எங்காவது சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் இன்றைக்கே எழுதிவைத்து, ஒரு நகலை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

பணம் இல்லை, பேச ஆள் இல்லை, நடு இரவு என்றால் 14416. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். அங்கே எடுப்பவர் தப்பாக ஏதாவது கேட்டால் வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள், வேறொருவர் எடுக்கலாம்.

சக ஆலோசகர்களே, குயர் மக்களோடு வேலை செய்யத் தெரியாவிட்டால் முதல் செஷனிலேயே சொல்லிவிடுங்கள். தெரிந்த ஒருவரின் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் ஊரில் யாரும் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள், தேடித் தருகிறேன்.