வன்னியில் படப்பிடிப்பு: ஒலி விதிகளும் வாங்கவேண்டிய அனுமதிகளும்

குறும்படமோ பாடல் காணொளியோ எடுக்க இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு வரும் குழுக்கள் பெரும்பாலும் இரவு 10 மணியை மட்டுமே கணக்கில் வைத்திருக்கின்றன. அதுவரை எவ்வளவு சத்தமும் போடலாம் என்பது அவர்களின் நினைப்பு. ஆனால் சட்டத்தில் மாலை 6 மணிக்கும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. சிக்கல் அநேகமாக அங்கேதான் தொடங்குகிறது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே 23ஆம் திகதிய 924/12ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. அவற்றின்படி பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் உச்ச அளவு. மாநகர, நகர சபை எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அது அமைதி வலயம். அங்கே பகலில் 50, இரவில் 45.

வன்னியில் இதைக் கவனமாகப் பார்க்கவேண்டும். வவுனியா நகரும் மன்னார் நகரும் 63/50 வகைக்குள் வருகின்றன. ஆனால் கிளிநொச்சி நகரம் ஏ9 வீதியில் எவ்வளவு இரைச்சலோடு இருந்தாலும் கரைச்சி பிரதேச சபைக்குள் இருக்கிறது. முல்லைத்தீவு நகரம் கரைதுறைப்பற்று பிரதேச சபைக்குள். ஆகவே இரண்டுக்கும் 55/45தான். வவுனியாவில் பிரச்சினையில்லாமல் ஓடிய அதே ஜெனரேட்டர் கிளிநொச்சியில் விதியை மீறலாம்.

45 டெசிபல் மிகக் குறைவு. ஒரு மீற்றர் தள்ளி நின்று சாதாரணமாகக் கதைப்பதே ஏறத்தாழ 60 டெசிபல். அளவு எடுப்பது ஒலி எழும் காணியின் எல்லையில். எடுப்பது குறித்த நேரத்துக்கான சராசரி. அதனால் ‘அக்‌ஷன்’ என்று ஒரு தடவை கத்துவதைவிட, மணிக்கணக்காக ஓடும் ஜெனரேட்டர்தான் அளவைக் கூட்டுகிறது.

வாடகைக்கு எடுக்கும்போது ஜெனரேட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 7 மீற்றரில் 70 டெசிபல் என்று போட்டிருந்தால், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 14 மீற்றரில் 64, 28இல் 58, 56இல் 52, 112இல் 46. பிரதேச சபை எல்லைக்குள் பகல் அளவுக்கு அதைக் காணியின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 40 மீற்றர் உள்ளே வைக்கவேண்டும்; மாலை 6க்குப் பிறகு ஏறத்தாழ 125 மீற்றர். அதே மாதிரி இரண்டு ஓடினால் இன்னும் 3 டெசிபல் கூடும். அரை ஏக்கர் வளவில் இந்தத் தூரம் கிடைக்காது. அங்கே இரவுக் காட்சியை மின்கலத்தில் எரியும் எல்ஈடி விளக்குகளோடு எடுப்பது நல்லது. மதில், மண்மேடு, லொறி எதையாவது ஜெனரேட்டருக்கும் அயல்வீட்டுக்கும் இடையில் வைத்தாலும் குறையும். வயர் நீளம் போதாமல் கடைசி நேரத்தில் ஜெனரேட்டரை வேலியோரம் இழுத்து வருவதுதான் வழமையான தவறு. 100 மீற்றர் வயருக்கு, மின்னழுத்தம் இறங்காத தடிப்பில், முதலே சொல்லிவையுங்கள்.

10 மணிக் கணக்கு ஒலிபெருக்கிக்கு உரியது. 2007இல் உயர் நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையின்படி, பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் வழங்கும் ஒலிபெருக்கி அனுமதி இரவு 10 முதல் காலை 6 வரை கிடையாது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும், அயலில் குடியிருப்போருக்கு அறிவித்து அவர்களின் கருத்தைக் கேட்டபின், குறித்த நேரத்துக்கு விலக்குக் கொடுக்கலாம். பலர் கவனிக்காதது இன்னொன்று: பகலிலும் அனுமதி வேண்டும். நடனக் காட்சிக்குப் பாட்டை ஒலிபெருக்கிப் பெட்டியில் போட்டு அந்தச் சத்தம் வளவைத் தாண்டினால், காலை 10 மணியானாலும் 80ஆம் பிரிவு பொருந்தும். நடிப்பவரின் காதில் சிறு காதொலிப்பானை (இயர்பீஸ்) மறைத்துவைத்துப் பாட்டை ஓடவிட்டால் இந்தத் தேவையே வராது. வோக்கி டோக்கி பாவிப்பதென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் உள்ளதை எடுங்கள்.

ஒலிபெருக்கி அனுமதிக்கு, இடம் எந்தப் பொலிஸ் பிரிவுக்குள் வருகிறதென்று கிராம அலுவலரிடம் கேட்டுவிட்டு அந்த நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுதுங்கள். கிளிநொச்சிப் பொலிசில் வாங்கிய கடிதம் தருமபுரத்தில் செல்லாது. கடிதத்தில் திகதி, தொடங்கும் முடியும் நேரம், காணியின் விபரம், ஆட்களின் எண்ணிக்கை, வாகனங்கள், பெட்டிகளின் எண்ணிக்கை, பொறுப்பானவரின் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இவ்வளவும் இருக்கட்டும். காணிச் சொந்தக்காரரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் இணையுங்கள். தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. கூடவே ஒரு சிங்களப் பிரதி வைத்தால் மேலிடத்துக்குப் போகும்போது சுணக்கம் குறையும். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா நாட்களில் அப்பகுதிப் பொலிசார் கடமையில் நிறைந்திருப்பார்கள். அந்தக் கிழமைகளைத் தவிருங்கள்.

இட அனுமதி காணியைப் பொறுத்தது. சந்தை, விளையாட்டுத் திடல், சிறுவர் பூங்கா என்றால் பிரதேச சபை. கட்டணம் சபைக்குச் சபை மாறும், பற்றுச்சீட்டு வாங்குங்கள். பெரிய குளக்கட்டு நீர்ப்பாசனத் திணைக்களம், சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களம். ஏ9 போன்ற பெருவீதி வீதி அபிவிருத்தி அதிகார சபை, போக்குவரத்தை மறிக்கப் பொலிஸ். புகையிரத நிலையம், காடு, தொல்லியல் இடம் ஒவ்வொன்றுக்கும் அதனதன் திணைக்களம். சுண்டிக்குளம் தேசியப் பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உரியது; பறவைகள் கூடும் இடத்தில் ஒலிபெருக்கியை நினைக்கவே வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையும் பாதுகாப்பு அமைச்சும் அனுமதி தரவேண்டும். இராணுவ முகாம்கள் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். முகமாலைப் பக்கம் மிதிவெடிப் பலகை கண்டால் ஒரு அடிகூட உள்ளே வைக்காதீர்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் குழு, உள்ளூர் இணைப்பாளர் ஊடாகத் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியைப் பெறவேண்டும். சுற்றுலா விசா தொழிலுக்கானதல்ல, பிறந்த ஊர் இதுவாக இருந்தாலும்.

துப்பாக்கிச் சத்தம், குண்டுச் சத்தம் வரும் காட்சி என்றால் தளத்தில் வெடிக்க வேண்டாம். ஒலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 2009ஐக் கடந்து வந்த சனம் சுற்றிவரக் குடியிருக்கிறது. அனுமதி கையில் இருந்தாலும் இதைச் செய்வது சரியில்லை. சீருடை, போலித் துப்பாக்கி இருந்தால் பொலிசுக்கு எழுத்தில் அறிவித்து, சுற்றியுள்ள வீடுகளுக்கும் முதல்நாளே போய்ச் சொல்லுங்கள்.

அயலவர் பக்கத்திலிருந்து பார்த்தால், சத்தம் தாங்கமுடியாவிட்டால் 119க்கோ நிலையத்துக்கோ முறையிடலாம். பொலிஸ் வந்து முதலில் எச்சரிக்கும். தொடர்ந்தால் கருவியை எடுத்துச்சென்று நீதவானுக்கு அறிக்கையிடலாம். தொடர்ச்சியான தொல்லைக்குக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் கட்டளை கேட்கவும் இடமுண்டு. குழுவினர் அனுமதிகளின் மூலப் பிரதியைத் தளத்திலேயே, பொலிசோடு பேசத் தெரிந்த ஒருவரின் கையில் வைத்திருக்கவேண்டும். தொலைபேசியில் உள்ள படத்தை மட்டும் காட்டினால், உறுதிப்படுத்தும்வரை வேலை நிற்கக்கூடும்.