டிக் டிக் சத்தமும் வெள்ளைப் புகையும்: சின்ன டீசல் ட்ரக்டர் ஸ்ரார்ட் வராட்டி பம்பைக் கழட்ட முதல் இதைப் பாருங்கோ

காலபோக உழவு தொடங்கினால் எங்கட கராஜுக்கு வாற போனில பாதி ஒரே கதை தான், "மிசின் ஸ்ரார்ட் ஆகுதில்லை, பம்ப் போட்டுது போல, டிக் டிக் எண்டு ஒரு சத்தம் கேக்குது". அந்தச் சத்தம் கேக்குது எண்டால் ராங்கில இருந்து டீசல் இழுக்கிற மின்சாரப் பம்புக்குக் கரண்ட் வருது, உள்ளுக்கு அசையுது எண்டு தான் அர்த்தம், கேக்காட்டி தான் யோசிக்கோணும். ஆனா ஆக்கள் அதைக் கேட்டுப் பயந்து ரவுனுக்குப் போய்ப் புதுப் பம்ப் வாங்கிப் பூட்டி, போதாக்குறைக்கு ஹீற்றர் பிளக் (குளோ பிளக் எண்டுறதும் இது தான், ஸ்ரார்ட்டுக்கு உள்ளுக்குச் சூடு குடுக்கிறது) மூண்டையும் மாத்தி, காசு எல்லாம் முடிஞ்சாப் பிறகு தான் எங்களிட்டக் கொண்டு வருவினம். பிழை எண்டு பார்த்தால் இளகின ஒரு ஹோஸ் கிளிப்.

நான் சொல்லுறது குபோட்டா, யன்மார், இசெகி எண்டு யப்பானில இருந்து றீகண்டிஷனா வந்த, ரெண்டு மூண்டு சிலிண்டர் சின்ன மிசினுகளைப் பற்றி. மசி பேர்கசன் 135, 240 வச்சிருக்கிறவை குளோ பிளக் எங்க எண்டு தேட வேண்டாம், அந்தப் பேர்க்கின்ஸ் இஞ்சினில டீசல் நேரா பிஸ்ரனுக்கு மேல அடிக்கும், பிளக் இல்லை. யன்மாரிலயும் சில மாடலுக்கு இல்லை.

முதல்ல புகைக்குழாயைப் பாருங்கோ. ஒராள் திறப்பைத் திருப்ப மற்றவர் பின்னுக்கு நிண்டு பார்த்தால் காணும். ஸ்ராட்டர் சுத்தேக்க வெள்ளைப் புகை வருது, கண் எரியுது, பச்சை டீசல் மணக்குது எண்டால் டீசல் சிலிண்டருக்குள்ள போகுது, எரியிறதுக்குத் தான் சூடு காணாது, அப்ப குளோ பிளக்கையும் பற்றறியையும் பார்க்கோணும். எவ்வளவு சுத்தியும் புகையே இல்லை எண்டால் டீசல் போகேல்லை, அப்ப பம்ப், பில்ரர், ஸ்ரொப் சொலனொயிட் (இஞ்சினை நிப்பாட்ட டீசலை மறிக்கிற மின் வால்வு) பக்கம் பார்க்கோணும். இந்த ஒண்டைப் பார்த்திட்டுப் போன் எடுத்தால் எனக்கும் அரைவாசி வேலை மிச்சம். (இஞ்சின் சூடேறின பிறகும் வெள்ளைப் புகை நிக்காட்டி அது வேற வருத்தம், ரேடியேற்றர் தண்ணி குறையுதோ எண்டு பாருங்கோ.)

எங்கட வெயிலுக்கு ஹீற்றர் பிளக் என்னத்துக்கு எண்டு கேக்கிறவை கனபேர். தை மாதப் பனியில கூட இஞ்ச யாழ்ப்பாணத்தில 20 பாகைக்குக் கீழ போறது அருமை தான், ஆனா இந்தச் சின்ன இஞ்சினுகளில கனபங்கு, டீசலை முதல்ல ஒரு சின்ன அறைக்குள்ள அடிச்சு அங்க எரிய வைக்கிற ரகம், அந்த அறையின்ர சுவர் இரும்பு, அமுக்கின காத்தின்ர சூட்டை அதுவே இழுத்துப் போடும். அதால தான் அமுக்க விகிதம் 22க்கு 1 எண்ட அளவில இருந்தும் குளிர்ந்து கிடக்கிற இஞ்சினுக்கு ஒரு ஐஞ்சு பத்து செக்கன் ஹீற்றர் வேணும். மத்தியானம் சூட்டோட நிப்பாட்டிப் போட்டு எடுக்கேக்க தேவையில்லை.

பிளக் சோதிக்கிறது பெரிய வேலை இல்லை. மூண்டு பிளக்கின்ர தலையையும் சேர்த்து ஒரு தகடு ஓடும், அதைக் கட்டாயம் கழட்டோணும், கழட்டாமல் மீற்றர் வச்சால் மூண்டும் சேர்ந்து தான் காட்டும், ஒண்டு செத்திருந்தாலும் தெரியாது. மீற்றரை ஓம்ஸில போட்டு முதல்ல ரெண்டு வயரையும் ஒண்டோட ஒண்டு முட்டிப் பாருங்கோ, மலிவு மீற்றர் சும்மாவே 0.3, 0.5 காட்டும், அதைக் கழிச்சுக் கொள்ளுங்கோ. பேந்து ஒண்டைப் பிளக்கின்ர தலையில, மற்றதை இஞ்சின் பொடியில துப்பரவான இடத்தில வையுங்கோ, பெயின்ற்றுக்கு மேல வச்சால் பொய் சொல்லும். நல்ல பிளக் அனேகமா 1 ஓம் சுத்திக் காட்டும், 2க்குள்ள எண்டால் சரி. ஒண்டுமே காட்டாட்டி உள்ளுக்குக் கம்பி அறுந்திட்டுது. மீற்றர் இல்லாட்டி 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒண்டை எடுத்து, பற்றறி பிளஸ்ஸில இருந்து பல்ப் ஊடா பிளக்கின்ர தலைக்குக் குடுங்கோ, பல்ப் எரிஞ்சால் கம்பி இருக்குது.

பிளக் எல்லாம் நல்லது எண்டு வந்தால் தகட்டைத் திருப்பிப் பூட்டி, ஹீற்றர் போட்டுக் கொண்டு தகட்டில வோல்ட்டைப் பாருங்கோ. பற்றறியில 12க்கு மேல இருந்து தகட்டில 8, 9 எண்டு நிண்டால் பிழை நடுவில. ஒரு பிளக் பத்து அம்பியர் கிட்ட இழுக்கும், மூண்டும் எண்டால் முப்பது, பழைய மிசினுகளில அவ்வளவும் திறப்புச் சுவிச்சுக்குள்ளால தான் போகுது, அது உள்ளுக்குக் கரிஞ்சிருக்கும். ஒரு ரிலே போட்டு விட்டால் சுவிச் தப்பும். ஆனா டாஷில சிவக்கிற கம்பி இருக்கிற மொடல் எண்டால், அந்தக் கம்பியும் அதே லைனில தொடரா நிக்கிறதால பிளக் குறைஞ்ச வோல்ட்டுக்குச் செய்தது, அங்க வோல்ட் குறையிறது பிழை இல்லை, வழமையான 12 வோல்ட் பிளக்கைப் போட்டால் ஆறுதலாத் தான் சூடேறும்.

மூண்டு பிளக்கும் ஒரே நாளில செத்தால் எனக்கு முதல்ல வாற சந்தேகம் லொறி. பற்றறி இறங்கிட்டுது எண்டு பக்கத்தில நிண்ட லொறியில இருந்து 24 வோல்ட்டை இழுத்துக் குடுத்திருப்பினம், ஸ்ராட்டர் வலு சோக்காச் சுத்தும், அதே நேரம் ஹீற்றரும் போட்டிருந்தால் பிளக்கின்ர நுனி வீங்கி வெடிச்சிடும், பிறகு கழட்டேக்க அந்த நுனி உடைஞ்சு உள்ளுக்க நிண்டால் ஹெட் கழட்டிற வேலை. கழட்ட முதல் இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கிப் போட்டு, துருவுக்கு எண்ணெய் விட்டு ஊற வச்சு ஆறுதலாக் கழட்டுங்கோ.

இன்னொண்டு, இது உயிர்ப் பிரச்சினை. காத்து இழுக்கிற வாயில பெற்றோல் துணி பிடிக்கிறது, ஸ்ராட்டிங் ஸ்பிறே அடிக்கிறது. உள்ளுக்க பிளக் சிவந்து நிக்கேக்க அந்த ஆவி போனால் பிஸ்ரன் மேல வரமுதலே பத்தும், றிங் உடையும், துணி பிடிச்ச கையும் சேர்ந்து எரியும். பிளக் உள்ள இஞ்சினுக்கு உது ஒரு நாளும் வேண்டாம்.

இனிச் சத்தத்துக்கு வருவம். மின்சாரப் பம்ப் உள்ள மிசினில திறப்பைப் போட்டோடன கெதியா டிக் டிக் டிக் எண்டு அடிக்கும், லைனில டீசல் நிறைஞ்சு அமுக்கம் ஏற ஏற ஆறுதலாகும். ராங்குக்குத் திரும்பிப் போற பைப் இருக்கிற மொடலில முழுசாக் குறையாது, அதை வச்சுப் பயப்பிட வேண்டாம். நிமிசக் கணக்கா அதே வேகத்தில அடிச்சுக் கொண்டே இருந்தால் பம்ப் காத்தைத் தான் தள்ளுது: ராங்க் காலி, இல்லாட்டி எங்கயோ காத்து இழுக்குது. சத்தம் கனத்து, முக்கிற மாதிரி வந்தால் இழுக்கிற பக்கம் அடைப்பு. சத்தமே இல்லாட்டி பியூஸ், பிறகு ஏர்த் வயர், கடைசியாத் தான் பம்ப். எங்கட உப்புக் காத்துக்கு ஏர்த் முனை பச்சை பூத்துப் போய் நிக்கிறது கனக்க. பம்புக்குக் கீழ இருக்கிற ரப்பர் தேய்ஞ்சால் இரும்போட இரும்பு முட்டிச் சத்தம் பெரிசாக் கேக்கும், அது பம்பின்ர பிழையே இல்லை.

கொடிகாமப் பக்கத்து ஐயா ஒராள், இருபது குதிரைவலு மிசின், வேறொரு இடத்தில புதுப் பம்ப் போட்டு வந்தவர். அரை மணித்தியாலம் உழும், பிறகு பம்ப் முக்கும், நிக்கும், கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடும். நிண்ட நேரம் பார்த்து ராங்க் மூடியைத் திறந்தன், உஸ் எண்டு காத்து உள்ளுக்கு இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் மூச்சு விடுற ஊசி ஓட்டையில குளவி மண் அடைச்சுக் கூடு கட்டியிருக்கு. டீசல் குறையக் குறையக் காத்து உள்ளுக்கு வராட்டி எந்தப் பம்பாலும் இழுக்கேலாது. கம்பியால குத்தி ஊதி விட்டது தான் வேலை. ஐயா அந்தப் பழைய பம்பையும் எடுத்துக் காட்டினவர், பற்றறியில குடுத்தன், வடிவா அடிக்குது.

காத்து இழுக்கிற இடம் பிடிக்கிறது தான் கரைச்சல், ஏன் எண்டால் இழுக்கிற பக்கத்தில வெடிச்ச ஹோஸ் கனவேளை வெளியால ஒழுகாது, காத்தை மட்டும் உள்ளுக்கு எடுக்கும். பில்ரருக்குப் பிறகு ஒரு சாண் தெளிவான பிளாஸ்ரிக் குழாய் போட்டுப் பாருங்கோ, முட்டை முட்டையாக் காத்து வந்தால் அதுக்கு முன்னுக்குத் தான் பிழை. பேந்து பில்ரர் மேல உள்ள காத்துப் போக்கிற ஆணியை இளக்கி, திறப்பைப் போட்டு, நுரை நிண்டு சுத்த டீசல் வரும் வரைக்கும் விட்டு இறுக்குங்கோ, இன்ஜெக்ஷன் பம்பிலயும் (டீசலை அமுக்கி, சிலிண்டருக்குள்ள அடிக்கிற இன்ஜெக்ரருக்கு அனுப்புற பம்ப்) அப்பிடித் தான். கடைசியா இன்ஜெக்ரர் பைப் நட்டை இளக்கிச் சுத்தேக்க கையை, முகத்தைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ. இன்ஜெக்ரர் திறக்கிறதே 120 முதல் 160 பார் வரை அமுக்கத்தில, அந்தத் தாரை தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போகும், வெளியால ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி தான் தெரியும், நோவும் இருக்காது, உள்ளுக்குத் தசை பழுதாகும். அப்பிடி நடந்தால் நேரா ஆஸ்பத்திரி, மருந்து போட்டுப் பார்த்துக் கொண்டு இருக்கிறேல்ல. ஒழுகுதோ எண்டு பார்க்க மட்டைத் துண்டைப் பிடியுங்கோ.

இன்ஜெக்ஷன் பம்ப் பக்கத்தில இருந்து இரும்புத் தட்டுச் சத்தம் வந்தால், இஞ்சின் ஓடேக்க ஒவ்வொரு பைப் நட்டா இளக்கிப் பார்க்கலாம், எந்தச் சிலிண்டரில தட்டு நிக்குதோ அந்த இன்ஜெக்ரரைக் குடுத்துச் சோதியுங்கோ. இன்ஜெக்ஷன் பம்பை மட்டும் வீட்டில திறக்க வேண்டாம், உள்ளுக்கு டீசலை அமுக்கிற பிளஞ்சரின்ர இடைவெளி ரெண்டு மூண்டு மைக்ரோன், ஒரு மண் துகள் காணும்.

அந்தப் பிளஞ்சருக்கு எண்ணெய் எண்டு தனியா இல்லை, டீசல் தான் வழுவழுப்பு. 90களில பொருளாதாரத் தடை இருந்த நேரம் மண்ணெண்ணையில எல்லாத்தையும் ஓட்டின ஊர் எண்டதால இப்பவும் கலக்கிறது சிலருக்குப் பழக்கம். அப்ப வேற வழி இல்லை, கூட எண்ணெயும் கலந்தவை. இப்ப வெறும் மண்ணெண்ணை விட்டால் பிளஞ்சர் காய்ஞ்சு தேயும், முதல்ல ஸ்ரார்ட் கஷ்டமாகும், பிறகு இழுவை குறையும்.

2022இல டீசல் இல்லாமல் திண்டாடினதுக்குப் பிறகு கான், பரலில சேர்த்து வைக்கிறதும் கூடிப் போச்சு. சேர்த்து வச்சதை ராங்குக்குள்ள ஊத்த முதல் ஒரு கண்ணாடிப் போத்தலில எடுத்து இரவு விட்டுப் பாருங்கோ, அடியில தண்ணி நிண்டால் தெரியும். பில்ரர் கிண்ணத்துக்குள்ள சிவப்பு வளையம் இருந்தால் அது மேல வருதோ எண்டும் பாருங்கோ, வந்தால் தண்ணி. அறுவடை முடிஞ்சு மிசினை விடேக்க ராங்கை நிரப்பி விடுங்கோ, பாதி ராங்க் எண்டால் மேல உள்ள காத்தின்ர ஈரம் இரவில வேர்த்து டீசலுக்குள்ள இறங்கும், அடுத்த ஐப்பசியில திறப்பைப் போடேக்க பம்ப் முதல்ல இழுக்கிறது அடியில நிக்கிற அந்தத் தண்ணியைத் தான்.