எந்த ஆக்சிலரேட்டரில் திக்குது? புல்லட் கார்ப்ரேட்டரைப் படிக்கும் முறை

பழைய புல்லட் திக்க ஆரம்பித்ததும் ஸ்க்ரூடிரைவரோடு கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டருக்குத்தான் போகும். ஐட்லிங் கலவையில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவில் அரைச் சுற்று இப்படி, கால் சுற்று அப்படி. வண்டி ஒரு நாள் அடங்கும், மறுநாள் அதே கதை. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னை திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி அது. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இன்றும் அதை ஓட்டுபவர்கள் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஸ்க்ரூவைத் திருகினீர்கள் என்பதல்ல. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது திக்குது என்பதுதான்.

ஏன் என்றால், கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் போகும் வழி ஒன்றல்ல, பல. காற்று குறுகலான குழாயில் வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைந்த அழுத்தம்தான் கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை மேலே இழுக்கிறது. எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 350 புல்லட்டின் மிக்கார்ப் விஎம்24 கார்ப்ரேட்டரில் குழாய் விட்டம் 24 மி.மீ. முழு ஆக்சிலரேட்டரில் 3000 ஆர்பிஎம் ஓடினால் விநாடிக்கு 25 முறை இன்ஜின் காற்றை இழுக்கும். இழுக்கும் நேரத்தில் மட்டும் காற்றின் சராசரி வேகம், சிலிண்டர் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், மணிக்கு சுமார் 270 கிலோமீட்டர். 2016-இல் ஊரைப் புரட்டிப்போட்ட வர்தா புயலே இவ்வளவு வேகத்தில் வீசவில்லை.

ஐட்லிங்கில் நிலைமை தலைகீழ். ஆக்சிலரேட்டரைத் திருகினால் குழாயில் ஏறி இறங்கும் ஸ்லைடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், குழாயில் காற்று சோம்பலாகப் போகும், மெயின் ஜெட் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) பக்கம் இழுவையே இருக்காது. ஆனால் ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வெற்றிடம் பலமாக இருக்கும். அதனால்தான் ஐட்லிங்குக்கான சின்ன ஜெட்டான பைலட் ஜெட்டின் துளையை இன்ஜின் பக்கமாக வைத்திருக்கிறார்கள். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பார்த்துக்கொள்ளும். அப்புறம் கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பகுதி. கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியான நீடிலும் அது நுழையும் நீடில் ஜெட்டும். அதற்கு மேல் மெயின் ஜெட். எல்லைகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும், ஆனால் கோளாறு தேட இது போதும்.

சரி, சோதனை. கைப்பிடியில் ஒரு டேப்பும் அதையொட்டிய ஸ்விட்ச் பாக்ஸில் ஒரு டேப்பும் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊரும்போது மட்டும் திக்கினால் பைலட் பக்கம் பாருங்கள். விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும்போது, அரை ஆக்சிலரேட்டரில் முக்கினால் நீடில். முழுதாகத் திறந்ததும் இழுவை இறங்கி, கைப்பிடியை லேசாகத் தளர்த்தியதும் பிக்கப் வந்தால், மெயின் ஜெட்டில் பெட்ரோல் போதவில்லை. திக்கும்போது, கலவையில் பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பதும் நல்ல வழி. தேறினால் பெட்ரோல் கம்மி, இன்னும் மோசமானால் அதிகம்.

எல்லா நிலையிலும் திக்கினால் அடிப்படையில் கோளாறு: ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) மட்டம், அல்லது வேறெங்கோ காற்று புகுகிறது. ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்காமல் தொங்கினால் இரண்டாவதைச் சந்தேகியுங்கள். மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்குது’ என்பார்கள். பெரும்பாலும் கார்ப்ரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் தட்டான ஃபிளேஞ்ச் வளைந்திருக்கும். இரண்டு நட்டையும் ஆவேசமாக இறுக்கி இறுக்கி, நட்டு உட்காரும் இரண்டு காதுகளும் இன்ஜின் பக்கமாகக் கொஞ்சம் வளைந்துவிடும். கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர் வைத்து முகத்தை நாலு இழுப்பு தேய்த்தால் தெரியும்: காதுகள் இரண்டும் பளபளக்கும், நடுவில் பழைய கறுப்பு அப்படியே இருக்கும். முகம் முழுதும் ஒரே மாதிரி வெளுக்கும் வரை நிதானமாகத் தேய்த்து, புது பேக்கிங் வைத்து, அளவாக இறுக்கினால் வேலை முடிந்தது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் தெளித்து லீக் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வழியே வேண்டாம்.

ஜெட் சுத்தம் செய்ய கம்பி விடாதீர்கள். பித்தளை மெத்தென்ற உலோகம். 0.90 மி.மீ. துளை 0.95 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துளையின் பரப்பு 11 சதவீதம் கூடிவிடும். வாங்கிய ஜெட்டின் மேல் உள்ள எண் அப்படியே இருக்கும், உள்ளே வேறு ஜெட். கார்ப்ரேட்டர் கிளீனரும் காற்று அழுத்தமும் போதும்.

கடற்கரை ஊருக்கென்றே சில தொல்லைகள் உண்டு. டேங்க் மூடியின் காற்றுத்துளை துருவிலோ அழுக்கிலோ அடைத்துக்கொண்டால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும், மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும், உடனே ஸ்டார்ட் ஆகும். இதைக் கார்ப்ரேட்டர் கோளாறு என்று கழற்றி மாட்டியவர்கள் ஏராளம். துருவும் கரைந்த ரப்பரும் கிண்ணத்தில் சேர்ந்து ஃப்ளோட் வால்வின் இருக்கையில் சிக்கினால் ஓவர்ஃப்ளோ.

இப்போது விற்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இன்னொரு விஷயம். பெட்ரோல் முழுதாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆக, அதே ஜெட்டில் அதே அளவு போகும்போது பழைய வண்டிக்கு கலவை கொஞ்சம் மெலிகிறது, அதாவது காற்றின் பங்கு கூடிவிடுகிறது. நீடிலின் மேல்முனைப் பள்ளங்களில் ஒன்றில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், நடு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் கூடும். ஒரே தாவலாக இரண்டு பள்ளம் வேண்டாம். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும், தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்து தங்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் வால்வை மூடி, கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் இன்ஜின் சூடானால் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால், கார்ப்ரேட்டரை விட்டுவிடுங்கள். ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட் பக்கம் இருக்கும் கண்டன்சரை மாற்றுங்கள்.